வேலிக்குள் மான், திரைக்குள் வீரம்

இளையோர் அறநெறிப் பாடம்



யூடியூப்பில் மீன்பிடிக் காணொளி பார்க்கிற தம்பிமார்களுக்குக் கொஞ்ச நாளில் வேட்டைக் காணொளியும் தானாகவே வந்து நிற்கும். அமெரிக்காவில் இதற்கென்றே அவுட்டோர் சேனல், ஸ்போர்ட்ஸ்மேன் சேனல் போன்ற தனித் தொலைக்காட்சி அலைவரிசைகள் இருக்கின்றன. காட்சி பெரும்பாலும் ஒரே மாதிரிதான். இலைநிறச் சட்டை போட்ட ஒருவர் மறைவில் உட்கார்ந்து கேமராவிடம் கிசுகிசுப்பார். பெரிய கொம்போடு ஓர் ஆண் மான் வரும். ஒரு வெடிச் சத்தம் கேட்கும். பிறகு அவர் மானின் கொம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு சிரிப்பார். இடையிடையே துப்பாக்கி, தொலைநோக்கி, மான் தீனி விளம்பரங்கள் ஓடும்.

இதில் சில நிகழ்ச்சிகளில் ஒரு பொருள் மட்டும் படத்துக்குள் வரவே வராது. அதுதான் வேலி.

இந்தப் பாடத்தில் அந்த வேலியைப் பற்றித்தான் படிக்கப் போகிறோம். மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அந்த மானுக்குத் தப்பிக்க உண்மையான வாய்ப்பு இருந்ததா? இரண்டு, பார்க்கிறவனுக்கு உண்மை சொல்லப்பட்டதா? மூன்று, இந்த விளையாட்டுக்கு வேலிக்கு வெளியே யார் விலை கொடுக்கிறார்கள்?

எப்படிப்பட்ட வேலி?

மாட்டுப் பண்ணையில் போடுகிற இடுப்பளவு வேலியை மான் சுலபமாகத் தாண்டிவிடும். அதனால் அது மானுக்கு வேலியே கிடையாது. வேட்டைப் பண்ணைகளில் போடுவது சுமார் 8 அடி உயரக் கம்பி வலை. அமெரிக்காவின் வெள்ளைவால் மான் அதைத் தாண்டுவது மிக அரிது. டெக்சஸ் மாநிலத்தில் இப்படிப்பட்ட பண்ணைகள் நிறைய உண்டு. அங்கே நிலத்தில் சுமார் 95 விழுக்காடு தனியாருக்குச் சொந்தம் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

எல்லா வேலியும் ஒன்றல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சில பண்ணைகள் பல ஆயிரம் ஏக்கர் பரப்புள்ளவை. புதர், ஓடை, மேடு எல்லாம் இருக்கும். அங்கே மான் ஒளிந்துகொண்டால் வேட்டைக்காரர் நாள் முழுதும் அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பலாம். வேறு சில இடங்கள் சில பத்து ஏக்கர்தான். இயற்கையில் ஓர் ஆண் வெள்ளைவால் மான் சுற்றித் திரியும் பரப்பு சுமார் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் என்று பொதுவாகச் சொல்வார்கள். இடத்துக்கு இடம் அது மாறும். அப்படிப்பட்ட விலங்கை ஒரு சிறிய அடைப்புக்குள் விட்டு, தீனி கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு காத்திருந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

ஆங்கிலத்தில் அதை 'கேன்ட் ஹன்ட்' என்கிறார்கள். நம்ம கடையில் விற்கிற சாடின் டின் மாதிரி, டப்பாவில் அடைத்துத் தயாராக வைத்திருக்கிற வேட்டை. வாங்குகிறவர் மூடியைத் திறந்தால் போதும்.

இந்த வணிகத்தின் மையம் கொம்பு. ஆண் மானின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து மறுபடி முளைக்கும். அதை அங்குலக் கணக்கில் அளந்து புள்ளி கொடுப்பார்கள். இயல்பான வடிவக் கொம்புள்ள காட்டு வெள்ளைவால் மான் 170 புள்ளி பெற்றாலே அமெரிக்காவின் பழைய வேட்டைச் சங்கமான பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பின் நிலையான சாதனைப் பட்டியலில் இடம்பெறத் தகுதி. வளர்ப்புப் பண்ணைகளிலோ தேர்ந்தெடுத்த இனப்பெருக்கம், செயற்கைக் கருவூட்டல், சத்துத் தீனி இவற்றால் 300 புள்ளிக்கு மேல் கொம்பு வளர்க்கிறார்கள். சுட வருகிறவர் கொம்பின் அளவுக்கு ஏற்பப் பல ஆயிரம் டாலர் கட்டுகிறார். தலையே தாங்க முடியாத கொம்பு அந்த மானுக்கு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

"சட்டம் அனுமதிக்குதுன்னா அப்புறம் என்ன பிரச்சினை?" வகுப்பில் யாராவது ஒருவர் இதைக் கட்டாயம் கேட்பார். நல்ல கேள்விதான். முதலில் சட்டத்தைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் இதற்கு ஒரே சட்டம் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சசில் வெள்ளைவால் மான் மக்களின் பொதுச் சொத்து. நிலம் உங்களுடையது, வேலியும் உங்களுடையது, ஆனால் உள்ளே திரிகிற மான் மாநில மக்களுடையது. எனவே வேலிக்குள் சுட்டாலும் வேட்டை உரிமம் வேண்டும், வேட்டைப் பருவத்தையும் எண்ணிக்கை வரம்பையும் மதிக்க வேண்டும். உரிமம் பெற்று மான் வளர்ப்பவர்கள் வளர்ப்புப் பட்டிக்குள்ளேயே அதைச் சுட விடக்கூடாது. வேட்டை நிலத்தில் திறந்துவிட்ட பிறகுதான் சுடலாம்.

இப்போது நமக்குத் தெரிந்த ஒரு விலங்குக்கு வருவோம். நம் கோயில் சிற்பங்களிலும் கதைகளிலும் துள்ளுகிற புள்ளிமான், 1932-இல் டெக்சசுக்குக் கொண்டுபோகப்பட்டது. கலைமானும் அங்கே இருக்கிறது. இவை வெளிநாட்டு விலங்குகள் என்பதால் மாநிலச் சட்டத்தில் இவற்றுக்கு வேட்டைப் பருவமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. உரிமம் உள்ளவர் நில உரிமையாளரின் அனுமதியோடு ஆண்டு முழுவதும் சுடலாம். அதே புள்ளிமானை இந்தியாவில் வேட்டையாடுவதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. மான் ஒன்றுதான், அதற்கு வலிக்கிற வலியும் ஒன்றுதான். எல்லை தாண்டியதும் சட்டம் மாறிவிட்டது. சட்டம் மட்டுமே அறத்தின் அளவுகோல் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

மக்களே வாக்களித்து முடிவு செய்த இடங்களும் உண்டு. மொன்டானா மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டு நடந்த வாக்கெடுப்பில், பண்ணையில் அடைத்த விலங்கைக் கட்டணம் வாங்கிச் சுட விடுவதைத் தடை செய்தார்கள். 2010-இல் வட டகோட்டாவிலும் வேலிக்குள் வேட்டையைத் தடை செய்ய வாக்கெடுப்பு நடந்தது. அங்கே மக்கள் தடையை நிராகரித்துவிட்டார்கள். ஒரே நாட்டில், பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில், நேர்மாறான இரண்டு முடிவுகள்.

வேட்டைக்காரர்களே போட்ட கோடு

வேலிக்குள் வேட்டையை எதிர்ப்பவர்கள் எல்லாரும் சைவம் சாப்பிடுகிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மிகக் கடுமையாக எதிர்ப்பவர்களில் பலர் வேட்டைக்காரர்கள்தான்.

பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பை 1887-இல் தொடங்கியவர் தியோடர் ரூஸ்வெல்ட். பின்னாளில் அமெரிக்க அதிபரானவர். அந்தக் காலத்தில் சந்தைக்காகக் கணக்கில்லாமல் சுட்டு மான், காட்டெருமை எல்லாம் அழிந்துகொண்டிருந்தன. அப்போது உருவான கருத்துதான் 'ஃபேர் சேஸ்', நேர்மையான வேட்டை. அதன் சாரம் இது: விலங்கு கட்டில்லாமல் திரிய வேண்டும், தப்பிக்க அதற்கு வழி இருக்க வேண்டும், வேட்டைக்காரர் முறையற்ற சாதகம் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்றும் அந்தக் கிளப், தப்ப முடியாத அடைப்புக்குள் சுட்ட மானைத் தன் சாதனைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. வில்வேட்டைக்காரர்களின் போப் அண்ட் யங் கிளப்பும் அப்படித்தான்.

1902-இல் மிசிசிப்பியில் ரூஸ்வெல்ட் கரடி வேட்டைக்குப் போனார். கரடி எதுவும் சிக்கவில்லை. உடன் வந்தவர்கள் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டி, "சுடுங்கள்" என்றார்கள். கட்டிப்போட்ட விலங்கைச் சுட மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அது பத்திரிகையில் கேலிச்சித்திரமாக வந்தது. அதிலிருந்துதான் 'டெடி பேர்' பொம்மை பிறந்தது. இந்தக் கதையில் பலர் சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று உண்டு. காயப்பட்டிருந்த அந்தக் கரடியைப் பிறகு கொன்றுவிட்டார்கள். ரூஸ்வெல்டின் கௌரவம் பிழைத்தது, கரடி பிழைக்கவில்லை. நேர்மையான வேட்டை என்கிற விதி முதலில் வேட்டைக்காரரின் மனத்தைக் காக்கிறது. விலங்கைக் காப்பது அதற்கு அடுத்துத்தான். இந்த வரம்பையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேமரா வந்ததும் என்ன ஆகிறது?

உண்மையான காட்டில் வேட்டை என்பது பெரும்பாலும் காத்திருப்புதான். நாள் கணக்கில் ஒன்றும் நடக்காது. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அது கட்டுப்படியாகாது. படப்பிடிப்புக் குழுவுக்குச் சம்பளம், விளம்பரதாரருக்குக் கொடுத்த வாக்கு, ஒளிபரப்புத் தேதி எல்லாம் காத்திருக்கின்றன. குறிப்பிட்ட நாளில் பெரிய கொம்பு மான் விழுந்தே ஆக வேண்டும். அதற்கு உத்தரவாதம் கொடுக்கக்கூடியது வேலி போட்ட பண்ணைதான். ஆக, வேலிக்கும் கேமராவுக்கும் உள்ள உறவு தற்செயலானதல்ல.

அதிலிருந்து ஏமாற்றுக்கு ஒரு அடிதான் தூரம். கண்ட்ரி இசைப் பாடகர் டிராய் ஜென்ட்ரியின் வழக்கு இதற்குச் சான்று. 2004-இல் மின்னசோட்டாவில், அடைப்புக்குள் இருந்த வளர்ப்புக் கரடி ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கி அம்பால் கொன்றார். 'கபி' என்று பெயர் வைத்து மனிதர் கையில் வளர்ந்த கரடி அது. அந்தக் காட்சி படமாக்கப்பட்டு, காட்டில் நடந்த வேட்டை போலத் தெரியும்படி வெட்டி ஒட்டப்பட்டது. 2006-இல் அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 15,000 டாலர் அபராதமும், அந்த மாநிலத்தில் 5 ஆண்டு வேட்டைத் தடையும் கிடைத்தன.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் ஒப்புக்கொண்டது, காட்டில் கொன்ற கரடி என்று பொய்யாகப் பதிவு செய்த குற்றத்தை. பார்க்கிறவர்களை ஏமாற்றப் படத்தை வெட்டி ஒட்டியது தனிக் குற்றமாகத் தண்டிக்கப்படவில்லை. வேட்டைச் சட்டங்கள் துப்பாக்கியைப் பற்றி நிறையப் பேசுகின்றன, கேமராவைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. அந்த இடைவெளியில்தான் தனிமனித அறம் நிற்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு நிகழ்வும் உண்டு. 2005-இல் டெக்சசில் ஓர் இணையச் சேவை தொடங்கியது. பண்ணையில் துப்பாக்கியைக் கேமராவோடு பொருத்திவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து கணினி மவுசை அழுத்தினால் அங்கே உண்மையான விலங்கு சாகும். வேட்டைச் சங்கங்களே "இது வேட்டையே இல்லை" என்று எதிர்த்தன. டெக்சஸ் அதே ஆண்டில் தடை போட்டது. பல மாநிலங்களும் தொடர்ந்தன. பாருங்கள், எல்லாருக்குமே எங்கோ ஓர் இடத்தில் கோடு இருக்கிறது. எங்கே போடுவது என்பதில்தான் சண்டை.

அவர்கள் தரப்பு நியாயம்

ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது தர்மம் ஆகாது. பண்ணைக்காரர்கள் சொல்வதையும் கேட்போம்.

"எங்க மான் நல்ல சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்து ஒரு நொடியில சாகுது. உங்க கடைக் கோழி கூண்டுக்குள்ளயே பிறந்து கூண்டுக்குள்ளயே சாகுதே, அது மட்டும் நியாயமா?" இது அவர்களுடைய முதல் வாதம். நம்மில் பலர் கோழிக்கறி சாப்பிடுகிறவர்கள். அதனால் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. இதற்கு ஒரு பதில் உண்டு: கோழிக்கடைக்காரர் தன்னை வீரர் என்று சொல்லிக்கொள்வதில்லை, கோழியின் சாவை யாருக்கும் பொழுதுபோக்காகக் காட்டுவதும் இல்லை. ஆனாலும் கூண்டுக் கோழியின் துன்பம் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. அதை நம் தட்டைப் பார்த்து நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தவர் தவறைக் காட்டி நம் கேள்வியிலிருந்து தப்பிக்கக் கூடாது.

"வயதானவர், நடக்க முடியாதவர் காட்டில் அலைய முடியுமா? அவருக்கு இதுதான் வழி" என்பது இரண்டாவது. இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் அவருக்கு வேண்டியது மேடையும் சக்கர நாற்காலிப் பாதையும்தான். மானின் வழியை அடைப்பது அதற்குத் தேவையில்லை.

"வறண்ட நிலத்தில் மாடு வளர்த்து நட்டப்படுவதைவிட மான் வளர்த்தால் நிலம் காடாகவே இருக்கும், வேலையும் கிடைக்கும்" என்பது மூன்றாவது. பெரிய பண்ணைகள் விஷயத்தில் இது உண்மையாகவே இருக்கலாம். வேட்டைப் பணம் காட்டுயிர்களுக்கு உதவிய வரலாறும் உண்டு. 1937-இல் அமெரிக்கா இயற்றிய பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனை வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. ஆனால் அந்த வரலாற்றின் அடிப்படையே மான் எல்லாருக்கும் பொது என்பதுதான். வேலி அந்தப் பொதுவையே அடைக்கிறது.

வேலிக்கு வெளியே

மூன்றாவது கேள்வியை இப்போது எடுப்போம். மான்களுக்கு 'குரோனிக் வேஸ்டிங் டிசீஸ்' என்று ஒரு நோய் உண்டு. மான் நாளுக்கு நாள் இளைத்து, எச்சில் ஒழுக, தடுமாறிச் சாகும். 1967-இல் கொலராடோவில் ஓர் ஆய்வு நிலையத்தில் அடைத்து வைத்திருந்த மான்களிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கிருமி என்று நாம் நினைக்கிற பாக்டீரியாவோ வைரசோ இதற்குக் காரணமில்லை. உருமாறிய ஒரு புரதம்தான் காரணம். அது மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. இன்று 30-க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களில் பரவியிருக்கிறது. டெக்சசில் 2012-இல் காட்டு மானிடமும், 2015-இல் வளர்ப்புப் பண்ணை மானிடமும் கண்டார்கள். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. என்றாலும் நோயுற்ற மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்கச் சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது.

காட்டு மான்களிடையிலும் இது தானாகப் பரவும். பழி முழுவதையும் பண்ணைகள் மேல் போட முடியாது. ஆனால் காட்டு மான் நடந்துதான் போகும். பண்ணை மான் லாரியில் ஏறி ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மைல் போகும். கனடாவிலிருந்து இறக்குமதியான வளர்ப்பு எல்க் மான்கள் வழியாக இந்த நோய் கொரியா வரைக்கும் போயிருக்கிறது. வேலியின் இரு பக்கமும் மான்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொள்ளும். வேலி மானைத்தான் தடுக்கும், நோயைத் தடுக்காது.

கிந்தமர் காட்டிய வேறுபாடு

மகாபாரதம் ஆதி பருவத்தில் இதே பொருளில் ஒரு வழக்கு வருகிறது. பாண்டு மன்னன் காட்டில் துணையோடு கூடியிருந்த மானை அம்பெய்து வீழ்த்தினான். மான் உருவில் இருந்தவர் கிந்தம முனிவர். "மானை வேட்டையாடுவது அரசர்களுக்கு வழக்கம்தானே" என்று பாண்டு வாதாடுகிறான். முனிவரின் பதில் கவனிக்கத்தக்கது. மானைக் கொன்றதற்காக நான் உன்னைப் பழிக்கவில்லை, தப்பிக்கும் நினைவே இல்லாத நேரத்தில் இரக்கமின்றிக் கொன்றதற்காகப் பழிக்கிறேன் என்கிற பொருளில் அவர் பேசுகிறார். வழக்கம் அனுமதித்தது, சட்டமும் அனுமதித்தது. ஆனாலும் எப்படி, எந்த நிலையில் கொன்றாய் என்கிற கேள்விக்குப் பாண்டுவிடம் பதில் இல்லை.

வன பருவத்தில் வருவதை இன்னும் குறைவான பேர்தான் அறிவார்கள். துவைத வனத்தில் தங்கியிருந்த தருமர் கனவில் மான்கள் கண்ணீரோடு வந்து நிற்கின்றன. எங்கள் கூட்டத்தில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான், எங்கள் இனம் அழியாமல் இருக்க நீங்கள் இடம் மாறுங்கள் என்று கெஞ்சுகின்றன. தருமர் காலையில் எழுந்து தம்பிமார்களிடம் சொல்லி, காமியக வனத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார். சாப்பாட்டுக்காக வேட்டையாடியவர்களே "போதும்" என்று நிறுத்தினார்கள். எப்போது நிறுத்துவது என்று தெரிந்திருப்பதும் தர்மம்தான்.

நமக்கு என்ன வேலை?

"டெக்சஸ் எங்கே, கிள்ளான் எங்கே? நமக்கெதுக்கு இதெல்லாம்?" என்று கேட்கலாம். நாம் துப்பாக்கி தூக்கப் போவதில்லை. ஆனால் பார்க்கிறோம், லைக் போடுகிறோம், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அந்த எண்ணிக்கையைக் காட்டித்தான் விளம்பரம் வாங்குகிறார்கள், அந்த விளம்பரப் பணத்தில்தான் அடுத்த மான் வாங்கப்படுகிறது. பார்வையாளன் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது.

வேட்டைக் காணொளிக்கு மட்டும் இது பொருந்துவதில்லை. விலங்கைக் காப்பாற்றுவதாகக் காட்டும் படமோ, தானம் செய்வதாகக் காட்டும் படமோ, எதைப் பார்த்தாலும் அதே மூன்று கேள்வியைக் கேளுங்கள். படத்தில் இருக்கிற உயிருக்கு "வேண்டாம்" என்று விலக வழி இருந்ததா? எனக்கு உண்மை சொல்லப்பட்டதா? காட்டாமல் விட்ட இடத்தில் யார் விலை கொடுத்தார்கள்? பதில் கிடைக்காவிட்டால் அதைப் பகிராமல் விட்டுவிடுங்கள். உங்களால் உடனே செய்யக்கூடிய சிறிய அகிம்சை அது.

கலந்துரையாடலுக்கு

1. 10,000 ஏக்கர் வேலிக்குள் சுடுவதும் 10 ஏக்கர் வேலிக்குள் சுடுவதும் ஒன்றா? எந்த அளவில் கோடு போடுவீர்கள்? காரணம் சொல்லுங்கள்.

2. "இது வேலி போட்ட பண்ணை" என்று திரையில் தெளிவாக எழுதிக் காட்டிவிட்டால் தவறு முழுதும் நீங்கிவிடுமா? எது நீங்கும், எது மிஞ்சும்?

3. கோழிக்கறி சாப்பிடுகிறவர் இந்த வேட்டையைக் கண்டிக்கலாமா? இரண்டு அணியாகப் பிரிந்து பேசிப் பாருங்கள். பிறகு அணி மாறிப் பேசுங்கள்.

4. பாண்டுவின் வாதத்தில் எது சரி, எது குறை? கிந்தமரின் பதிலை இன்றைய வேலிக்குப் பொருத்திச் சொல்லுங்கள்.

5. இந்த வாரம் நீங்கள் பகிர்ந்த காணொளி ஒன்றை எடுத்து, மூன்று கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். அடுத்த சந்திப்பில் பேசுவோம்.